கால் வீக்கத்துக்குக் கஷாயம் வேண்டாம்... முதலில் பி.பி. பாருங்கள்!

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்பத்தூரில் என் கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்த நேரம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா வந்து உட்கார்ந்தார்.

"என் பொண்ணுக்கு ஏழாம் மாசம் டாக்டர். வர்ற புதன்கிழமை வளைகாப்பு. நேத்து வளையல் அளவு பார்க்கலாம்னு போட்டா, கையில ஏறவே மாட்டேங்குது. மோதிரத்தையும் சோப்புப் போட்டுத்தான் கழட்டினோம். முகமெல்லாம் உப்பிக் கிடக்கு. நீர் கோத்திருக்கு போல. நீர் இறங்க ஒரு கஷாயம் எழுதிக் குடுங்க."

"பொண்ணு எங்கேம்மா?"

"காலையிலேர்ந்து தலைவலி. படுத்திருக்கா."

நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். "கஷாயம் இருக்கட்டும்மா. ஒரு ஆட்டோ பிடிச்சு பொண்ணை உடனே கூட்டிட்டு வாங்க."

கால் மணி நேரத்தில் வந்துவிட்டார்கள். பி.பி. பார்த்தேன். 160/110. இன்னொரு முறை பார்த்தேன். அதே அளவு. அங்கிருந்தே 108-க்கு போன் செய்தேன். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

'என்ன இது, சித்த மருத்துவரே கஷாயம் கொடுக்க மறுக்கிறாரே' என்று உங்களுக்குத் தோன்றலாம். காரணம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு வந்திருந்தது வெறும் நீர் வீக்கம் அல்ல. 'ப்ரீஎக்லாம்ப்சியா'. தமிழில் முன்சூல்வலிப்பு என்பார்கள். அதாவது, வலிப்புக்கு முந்தைய கட்டம். அந்தக் காலத்தில் பிரசவ நேரத்தில் வெட்டி இழுத்து இறந்துபோன பெண்களை 'ஜன்னி கண்டு போயிட்டா' என்று சொல்வார்களே, அவர்களில் பலருக்கு வந்தது இந்த நோயாகத்தான் இருந்திருக்கும்.

உலக அளவில் 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இது வருகிறது. உங்கள் தெருவில், உங்கள் சொந்தத்தில் ஒருவருக்காவது வந்திருக்கும். ஆனால் 'பி.பி. ஏறிடுச்சு, ஆபரேஷன் பண்ணிட்டாங்க' என்பதோடு பேச்சு முடிந்திருக்கும். ஏன் ஏறியது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த 'ஏன்' தெரிந்தால், எது உதவும், எது கெடுக்கும் என்று நீங்களே புரிந்துகொள்வீர்கள்.

பாதி நம்மாள், பாதி வெளியாள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்பெனி வாசலில் வாட்ச்மேன் நிற்பாரே, பார்த்திருப்பீர்கள். அடையாள அட்டை இருந்தால் உள்ளே விடுவார். இல்லையென்றால் நிறுத்திவிடுவார். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியும் இப்படித்தான். ஒவ்வொரு செல்லின் மேலும் ஓர் அடையாளம் உண்டு. 'இது நம்மாள்' என்றால் விட்டுவிடும். 'வெளியாள்' என்றால் அடிக்கப் புறப்பட்டுவிடும். இன்னொருவரின் சிறுநீரகத்தைப் பொருத்தினால் உடம்பு ஏற்க மறுப்பது இதனால்தான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். கருவில் இருக்கும் குழந்தைக்குப் பாதி அம்மாவின் அடையாளம்; மீதி அப்பாவினுடையது. கணக்குப்படி பார்த்தால், தாயின் உடம்பு அதை வெளியே தள்ள வேண்டும். தள்ளுவதில்லை. பத்து மாதம் வைத்துக் காப்பாற்றுகிறது!

எப்படி? நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரில் வேர் விடும் இடத்தில், தாயின் எதிர்ப்பு செல்களும் குழந்தையின் செல்களும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. அங்கே கூடி நிற்கும் செல்களுக்கு 'நேச்சுரல் கில்லர்' என்று பெயர். பெயரில்தான் கொலைகாரன். கருப்பைக்குள் அது செய்வது கொத்தனார் வேலை. குழந்தையின் செல்லோடு சேர்ந்து, தாயின் ரத்தக்குழாய்களை அகலப்படுத்திக் கொடுக்கிறது.

கருப்பையின் ரத்தக்குழாய்கள் முறுக்கிய நூல் மாதிரி சுருண்டு, மெல்லியதாக இருக்கும். பிரசவ காலம் நெருங்கும்போது நிமிடத்துக்கு 500 மில்லிக்கும் மேல் ரத்தம் கருப்பைக்குப் போக வேண்டும். அரை இஞ்ச் குழாயில் அபார்ட்மென்ட் முழுவதற்கும் தண்ணீர் விட முடியுமா? அதனால் முதல் ஐந்து மாதங்களுக்குள் இந்தக் குழாய்களெல்லாம் அகலமாக, தளர்வாக மாற்றி அமைக்கப்படுகின்றன.

தாயின் எதிர்ப்பு சக்திக்கும் குழந்தையின் செல்களுக்கும் சரியாக ஒத்துப்போகவில்லை என்றால்? குழாய் வேலை பாதியில் நின்றுவிடும். ப்ரீஎக்லாம்ப்சியாவின் விதை, பலருக்கு இப்படித்தான் விழுகிறது. தாய்க்கு அப்போது எந்தத் தொந்தரவும் தெரியாது. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வெளியே தெரிகிற நோய்க்கு மூன்றாம், நான்காம் மாதத்திலேயே அஸ்திவாரம் போட்டாகிவிட்டது. 'நேத்து ஊறுகாய் சாப்பிட்டா, அதான் வீங்கிடுச்சு' என்று அந்தப் பெண்ணைத் திட்டுவதில் அர்த்தமே இல்லை.

எதிர்ப்பு சக்திக்கு இதில் பங்கு இருக்கிறது என்பதற்கு நாம் கண்ணால் பார்க்கிற அடையாளங்களும் உண்டு. இந்த நோய் முதல் பிரசவத்தில்தான் அதிகம். அதே கணவரின் இரண்டாவது குழந்தையை உடம்பு ஓரளவு பழகிய விருந்தாளியாகவே நடத்துகிறது. வேறொரு பெண்ணின் கருமுட்டையைத் தானமாகப் பெற்றுக் கருத்தரித்தவர்களுக்கு ஆபத்து கூடுதல். ஏனென்றால் அங்கே குழந்தையின் அடையாளம் முழுக்கவே தாய்க்குப் புதியது.

சிறு தீ, பெருந்தீ

அடுத்தது அழற்சி. இந்தச் சொல்லே 'அழல்' என்பதிலிருந்து வந்தது. அழல் என்றால் நெருப்பு. எங்கள் சித்த மருத்துவத்தில் பித்தத்துக்கும் அழல் என்று பெயர் உண்டு. குணபாடத்தில் அழற்சியைத் 'தாபிதம்' என்று படித்தோம். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சூடாகி, வீங்கி வலிக்கிறதே, அதுதான் அழற்சி. நோயோடு உடம்பு போடுகிற சண்டை.

கர்ப்பம் என்றாலே உடம்பு முழுக்க ஒரு மெல்லிய அழற்சி இருக்கும். அடுப்பில் சிம்மில் வைத்த மாதிரி. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த கிறிஸ் ரெட்மேன், இயான் சார்ஜென்ட் குழுவினர் 1999ல் ஒரு முக்கியமான கருத்தைச் சொன்னார்கள். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இருக்கும் அந்தச் சிறு தீ அளவு மீறி எரிவதுதான் ப்ரீஎக்லாம்ப்சியா என்றார்கள்.

தீ ஏன் பெரிதாகிறது? குழாய் அகலமாகாததால் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதவில்லை. அது திணறுகிறது. திணறும் நஞ்சுக்கொடி தன் செல் துணுக்குகளையும், சில ரசாயனங்களையும் தாயின் ரத்தத்தில் கொட்டுகிறது. தாயின் வெள்ளை அணுக்கள் கிளர்ந்து எழுகின்றன. உடம்பு முழுவதும் ரத்தக்குழாய்களின் உள்சுவர் புண்பட்டது போல ஆகிறது.

இதில் நமக்குப் பெருமையான ஒரு செய்தி. நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்காவுக்குப் போய் சிறுநீரக நிபுணரானவர் டாக்டர் அனந்த் கருமாஞ்சி. பாஸ்டன் நகரில் அவரும் சக ஆராய்ச்சியாளர்களும் 2003ல் ஓர் உண்மையைக் கண்டுபிடித்தார்கள். இந்த நோய் வந்தவர்களின் நஞ்சுக்கொடி 'எஸ்-ஃப்ளிட் ஒன்று' என்ற புரதத்தை ஏராளமாக வெளியே விடுகிறது. ரத்தக்குழாயின் உள்சுவரைப் பராமரிக்கிற நல்ல புரதங்களை இது வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்கிறது. பெண் எலிகளின் உடம்பில் இந்தப் புரதத்தைக் கூட்டியபோது அவற்றுக்கும் பி.பி. ஏறியது, சிறுநீரில் புரதம் போனது. கர்ப்பமில்லாத எலிகளுக்கும் இப்படியே ஆனது! இந்தக் கண்டுபிடிப்பின் வழியாக வந்த ரத்தப் பரிசோதனை ஒன்றுக்கு 2023ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

உள்சுவர் கெட்டால் என்ன ஆகும்? குழாய்கள் இறுகுகின்றன. பி.பி. ஏறுகிறது. சிறுநீரகத்தில் ஒழுகி, புரதம் யூரினில் போகிறது. கல்லீரல் பாதித்தால் மேல் வயிற்றில் வலி. கண், மூளை பாதித்தால் பார்வை மங்கல், தலைவலி, கடைசியில் வலிப்பு. குழந்தைக்கு ஊட்டம் குறைந்து வளர்ச்சி தடைப்படும்.

வீக்கமும் அதே ஒழுகலால்தான். ரத்தக்குழாய்க்குள் இருக்க வேண்டிய நீர் வெளியே கசிந்து சதையில் தேங்குகிறது.

நான் செய்த தவறு

இங்கேதான் கஷாயத்தின் ஆபத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். பார்ப்பதற்கு உடம்பில் நீர் அதிகம் போலத் தெரிகிறது. ஆனால் ரத்தக்குழாய்க்குள் போய்ப் பார்த்தால் நீர் குறைவு! சாதாரணக் கர்ப்பிணிக்கு ரத்தத்தின் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகும். இவர்களுக்கு அந்த அளவு பெருகுவதில்லை. அந்த நிலையில் நெருஞ்சில், பார்லி, சுரைக்காய்ச் சாறு என்று கொடுத்து நீரை இறக்கினால், இருக்கிற கொஞ்சமும் குறையும். ஏற்கெனவே திணறும் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் இன்னும் குறையும். ஆங்கில மருத்துவத்திலும் இந்த நோயைத் தடுக்க நீர் மாத்திரை கொடுக்கக் கூடாது என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் படிப்பை முடித்துவிட்டு வந்து, பூந்தமல்லி பக்கம் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தேன். 1996 என்று நினைவு. எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி மாமியாரோடு வந்தாள். இரண்டு காலிலும் வீக்கம். முகமும் கொஞ்சம் உப்பியிருந்தது. நெருஞ்சில் குடிநீர் எழுதிக் கொடுத்தேன். நாலே நாளில் கால் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. 'உங்க கை ராசியான கை' என்று மாமியார் வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆறாம் நாள் விடியற்காலை அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்துவிட்டது. தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அன்று என் மேஜை மேல் பி.பி. கருவி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்த தவறு. அந்தக் குடும்பம் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களுக்கு விஷயம் தெரியாது. எனக்குத் தெரியும்.

நெருஞ்சில் கெட்ட மூலிகை அல்ல. அதற்குரிய நோய்க்கு அது நல்ல மருந்து. வீக்கத்தை மட்டும் பார்த்து, உள்ளே எரியும் தீயைப் பார்க்காமல் விட்டதுதான் பிழை. அழலைத் தணிக்க எங்களிடம் எத்தனையோ மருந்துகள் உண்டு. ஆனால் நஞ்சுக்கொடியில் பற்றிய இந்த அழலை அணைக்கிற மருந்து எங்களிடம் இல்லை. நவீன மருத்துவத்திலும் நோயை முற்றிலும் முடிக்கிற வழி ஒன்றுதான்: பிரசவம். நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் தீ அடங்கத் தொடங்கும். அதுவரை பி.பி.யைக் கட்டுப்படுத்தி, வலிப்பு வராமல் தடுத்து, குழந்தைக்கு நாட்களைச் சேர்த்துக் கொடுக்க ஆஸ்பத்திரியால் முடியும். கிளினிக்கால் முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. இருமலுக்கு அதிமதுரம் மெல்லுவது நம் வீடுகளில் வழக்கம். அதிமதுரம் பி.பி.யை ஏற்றும் குணமுடையது. கர்ப்பிணிகள் தாங்களாகவே சாப்பிட வேண்டாம்.

யார் அதிகம் கவனிக்க வேண்டும்?

முதல் பிரசவக்காரர்கள். போன பிரசவத்தில் இந்த நோய் வந்தவர்கள். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருந்தால், நீங்களும். இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள். ஏற்கெனவே பி.பி., சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, 'லூபஸ்' போன்ற எதிர்ப்பு சக்தி நோய் உள்ளவர்கள். உடல் பருமன் உள்ளவர்கள். 35 வயதைத் தாண்டியவர்கள். செயற்கைக் கருத்தரிப்பில் உண்டானவர்கள்.

இவர்கள் மூன்றாம் மாதத்திலேயே லேடி டாக்டரிடம் இதைப் பற்றிப் பேசிவிட வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையை உரிய காலத்தில் தொடங்கினால் பலருக்கு நோயைத் தடுக்க முடிகிறது. 2017ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தார்கள். குறைமாதத்திலேயே வருகிற ப்ரீஎக்லாம்ப்சியா 100 பேருக்கு 4.3 என்பதிலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. ஆனால் இது எல்லோருக்குமான மாத்திரை அல்ல. மருந்துக் கடையில் வாங்கி நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். யாருக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கால்சியமும் உதவுகிறது. பால், கேழ்வரகு, கீரை குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு முக்கியமாக. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற கால்சியம் மாத்திரையை விட்டுவிடாதீர்கள். பெங்களூரில் 11,000 கர்ப்பிணிகளிடம் நடந்து 2024ல் வெளியான ஆய்வில், தினம் 500 மில்லிகிராம் கால்சியம் இந்த நோயைத் தடுப்பதில் 1,500 மில்லிகிராமுக்கு இளைத்ததில்லை என்று தெரிந்தது. இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே கிளம்புங்கள்

* பி.பி. 140/90 அல்லது அதற்கு மேல். 160/110 என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.
* மாத்திரை போட்டும் விடாத தலைவலி.
* கண் மங்குவது, கண் முன் மின்னல் அல்லது பூச்சி பறப்பது போலத் தெரிவது.
* மேல் வயிற்றில், வலது விலாவுக்குக் கீழே வலி. இதை 'கேஸ்' என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்து நேரத்தை வீணாக்குபவர்கள் அதிகம்.
* முகம், கை திடீரென வீங்குவது. ஒரே வாரத்தில் எடை சட்டென ஏறுவது.
* யூரின் குறைவது, மூச்சு வாங்குவது, குழந்தையின் அசைவு குறைவது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்று ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. பி.பி.யும் யூரினும் அங்கேயே பார்த்துவிடலாம். நிலைமை மோசமென்றால் கீழ்ப்பாக்கத்துக்கோ, எழும்பூர் மகப்பேறு மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். 'அவ்வளவு தூரமா, நாளைக்குப் பார்க்கலாம்' என்று சொல்லாதீர்கள். 108 ஆம்புலன்ஸ் இலவசம்.

அங்கே போடுகிற முக்கியமான ஊசி மக்னீசியம் சல்பேட். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த பேதி உப்புதான் அது! 33 நாடுகளில், சுமார் 10,000 பெண்களிடம் நடந்து 2002ல் வெளியான ஆய்வில், வலிப்பு வரும் ஆபத்தை இது பாதிக்கு மேல் குறைத்தது. அதற்காக வீட்டில் உப்பைக் கரைத்துக் குடித்தால் பலன் கிடையாது. அளவு மீறினால் மூச்சே நின்றுவிடக்கூடிய மருந்து இது. ஆஸ்பத்திரியில், நர்ஸ் பக்கத்தில் இருந்து கவனிக்க, ஊசியாகத்தான் போட வேண்டும்.

அடிக்கடி கேட்கிற கேள்விகள்

கால் வீங்கினாலே இந்த நோயா?
இல்லை. சாயந்திரம் பாதம் வீங்கி, படுத்து எழுந்தால் வடிந்துவிடுவது பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு உண்டு. அதேபோல வீக்கமே இல்லாமலும் ப்ரீஎக்லாம்ப்சியா வரும். அதனால்தான் வீக்கத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள் என்கிறேன்.

உப்பைச் சுத்தமாக நிறுத்திவிடலாமா?
தேவையில்லை. உப்பைக் குறைத்தால் இந்த நோய் தடுக்கப்படும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அளவாகச் சாப்பிடுங்கள். ஊறுகாய், அப்பளத்தைக் குறைப்பது எல்லோருக்குமே நல்லது.

எதிர்ப்பு சக்தியைக் கூட்ட லேகியம் சாப்பிடலாமா?
இங்கே பிரச்சினை எதிர்ப்பு சக்தி குறைந்தது அல்ல. அது இடம் தெரியாமல் சண்டை போடுவது. வாட்ச்மேன் ஆளை அடையாளம் தெரியாமல் அடிக்கும்போது, அவர் கையில் இன்னொரு தடியைக் கொடுப்பீர்களா? கர்ப்ப காலத்தில் எந்த லேகியமானாலும் படித்த சித்த மருத்துவரைக் கேட்டு, லேடி டாக்டரிடமும் சொல்லிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பிரசவம் ஆனதும் கவலை தீர்ந்ததா?
உடனே இல்லை. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரைகூட பி.பி. ஏறலாம், வலிப்பும் வரலாம். பத்தியச் சாப்பாட்டில் காட்டுகிற அக்கறையை பி.பி. பார்ப்பதிலும் காட்டுங்கள். இந்த நோய் வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் மாரடைப்பு போன்ற இதய நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு. வருடம் ஒரு முறையாவது பி.பி., சர்க்கரை பார்க்க வேண்டும்.

அடுத்த குழந்தைக்கும் வருமா?
சுமார் 100 பேரில் 15 பேருக்குத் திரும்ப வருகிறது. மீதிப் பேருக்கு வருவதில்லை. பயந்து ஒதுங்க வேண்டாம். சீக்கிரமே டாக்டரிடம் போனால் போதும்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று?

108-ல் ஏற்றிய அன்றே அட்மிட் செய்து, வலிப்பைத் தடுக்கும் ஊசியும், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கான ஊசியும் போட்டார்கள். ஒன்பது நாள் பி.பி.யைக் கட்டுக்குள் வைத்திருந்தார்கள். பத்தாம் நாள் ஆபரேஷன். பெண் குழந்தை. ஒரு கிலோ 300 கிராம்தான். ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தது.

வளைகாப்பு நடக்கவில்லை. அந்த அம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தபோது சொன்னார்: "வாங்கின வளையல் எல்லாம் அப்படியே பெட்டியில இருக்கு டாக்டர். இப்ப போட்டுப் பார்த்தா அவளுக்கு லூசா இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கர்ப்பிணி இருந்தால், அவருடைய செக்-அப் நோட்டையோ தாய் சேய் நல அட்டையையோ எடுத்துப் பாருங்கள். கடைசியாக பி.பி. எழுதிய தேதி எது? யூரின் பார்த்த தேதி எது? நாட்கள் கடந்திருந்தால் நாளைக் காலையே அழைத்துப் போங்கள். ஐந்து நிமிட வேலை. இரண்டு உயிர்.